சப்போர்ட்டை வெட்டி எடுக்கச் சொல்லி காசு வாங்கினவங்க: டேங்க் நாசில் வேலைக்கு ஒரு ரிவ்யூ

ரிவ்யூன்னா ஓட்டல், போன், மிக்ஸி இதுக்குத்தான் எல்லாரும் எழுதுவாங்க, நான் எழுதப்போறது டேங்க்ல பைப் சேர்ற இடத்துக்கு லோடு கணக்கு போட்டுக் குடுக்கற ஒரு சின்ன ஆபீஸைப் பத்தி, முழுசா படிக்கறவங்க பத்து பேர் இருந்தாலே எச்சு. ஆனா காங்கேயம், வெள்ளகோயில், பெருந்துறை, திருப்பூர் பக்கம் எண்ணெய் டேங்க், கெமிக்கல் டேங்க், சாயப்பட்டறை டேங்க்னு வெச்சிருக்கறவங்க நெறையப் பேர், நாசில் (டேங்க்ல பைப் சேர்ற வாய்) ஒழுகி வெல்டரைக் கூப்புட்டு ஒட்ட வெச்சு மறுபடி ஒழுகிருக்கும், அவங்களுக்காகத்தான் இது. ஆபீஸ் பேரு போடலீங்க. ரெண்டே பேர் இருக்கற எடம், வேலை ஒட்டுக்கா வந்தா தாங்காது பேரு வேண்டாம்னு அதை நடத்தற சாரே சொல்லிட்டார். கோயமுத்தூர்ல பீளமேடு பக்கம் ஒரு மாடில இருக்காங்க, அவ்வளவுதான். பேரை விட, இந்த மாதிரி ஆளைத் தேடறப்போ என்ன கேக்கோணும்னு தெரிஞ்சா போதும்.

என்ற மாமன் மில்லு காங்கேயத்துக்கு வெளிய இருக்குது. கொப்பரை களம், எக்ஸ்பெல்லர், ஃபில்டர், அதுக்கு அக்கட்டால ரெண்டு எண்ணெய் டேங்க். டேங்க் ஒண்ணொண்ணும் 6 மீட்டர் டயா, ஏழரை மீட்டர் உசரம், எண்ணெய் ரொப்புனா 190 டன் புடிக்கும், நாங்க 200 டன் டேங்க்னே சொல்லிப் பழகிட்டோம். மெயின்டனன்ஸ் பாத்துக்கறது நானு. முதல் டேங்க்ல கீழ இருக்கற 6 இன்ச் நாசில், எண்ணெய் ஏத்தறதும் எறக்கறதும் அந்த ஒரே லைன்லதான், 38 மீட்டர் தாண்டி லாரி லோடிங் வரைக்கும் போகுது.

தேங்காண்ணெய்ல ஒரு சங்கதி, வெளியூர்க்காரங்களுக்குத் தெரியாது. 24 டிகிரிக்கு கீழ போனா கெட்டியாயிரும். மார்கழி வெடியால லாரிக்காரன் வந்து நின்னுட்டு ஹாரன் அடிப்பான், லைனுக்குள்ள எண்ணெய் நெய்யாட்ட நிக்கும். அதனால லைன் மேல ஸ்டீம் ட்ரேசிங் (பைப்பை ஒட்டி ஓடற சின்ன நீராவிக் குழாய்) போட்டு சாக்கு சுத்தி வெச்சிருக்கோம். ராத்திரி 22 டிகிரில கெடக்கற பைப்பு வெடியால ஸ்டீம் விட்டதும் 65-க்கு போயிரும். இதை ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னால வேலைக்கு ஆகும்.

டேங்க் கட்டி ஒரு வருசம் கழிச்சு நாசிலைச் சுத்தி பலத்துக்கு வெல்டு பண்ணிருக்கற பேட் ப்ளேட்டுல எண்ணெய் கசிய ஆரம்பிச்சுது. பேட் ப்ளேட்ல சின்னதா ஒரு ஓட்டை விட்டிருப்பாங்க பாத்திருக்கீங்களா, டெல்டேல் ஹோல்னு சொல்றது, உள்ள வெல்டு போச்சுன்னா அது வழியா வெளிய காட்டிக் குடுக்கறதுக்கு. அது வழியாத்தான் சொட்டுச் சொட்டா வந்துச்சு. டேங்க் கட்டுன ஃபேப்ரிகேட்டரைக் கூப்புட்டோம். அந்த மனுசன் என்ன பண்ணுனாருன்னா அந்த ஓட்டைல எம்-சீல் வெச்சு அடைச்சுட்டு, ஆச்சுங்கன்னு சொல்லிட்டு டீ குடிச்சுட்டு போயிட்டாரு. காட்டிக் குடுக்கறவன் வாயை அடைச்சாச்சு. ரெண்டு மாசத்துல பேட் ஓரத்துலயே முடி மாதிரி ஒரு விரிசல். அப்புறமேட்டுக்கு டேங்க் காலி பண்ணி, கழுவி, கிரைண்டிங் போட்டு, வெல்டு பண்ணி, டிபி டெஸ்ட் (சாயம் தடவி விரிசல் பாக்கறது) பண்ணி, மறுபடி ரொப்புனோம். நாலு மாசம். மறுபடி அதே எடம், விரிசல் இந்தத் தடவை சித்த நீளம். மூணாவது தடவை இன்னும் கெட்டியா பேட் போட்டுக் குடுத்தாரு. "இனி யானை ஏறி நின்னாலும் ஒண்ணும் ஆகாதுங்க"ன்னாரு. யானை வரல, விரிசல் வந்துச்சு.

நடுவுல இன்னொரு கூத்து. லைன் விரியறதாலதான் இப்படி ஆகுது, பெல்லோஸ் (மடிப்பு மடிப்பா நீண்டு சுருங்கற இணைப்பு) போட்டா போச்சுன்னு ஒரு கடைல சொன்னாங்க. ரப்பர் பெல்லோஸ் வாங்கி வால்வுக்கு அக்கட்டால மாட்டுனோம். அது தண்ணி பம்புக்கு போடற ரப்பர், எண்ணெய்க்கு ஆகாதுன்னு கடைக்காரரும் சொல்லல, எனக்கும் கேக்கத் தெரியல, ரெண்டு மாசத்துல ஊறி உப்பிப் போச்சு. அது கூடப் பரவால்லீங்க. அதுக்கு டை ராடு, அது நீளாம கட்டிப் புடிக்கற கம்பி, போடவே இல்ல. ஒரு நாள் வால்வு திறக்காம பம்பை ஓட்டிப்போட்டாங்க, ப்ரஷர் 3 கிலோ காட்டுச்சு, பெல்லோஸ் பலூனாட்ட நீண்டு பைப் சப்போர்ட் மேல கிறீச்னு நகந்துருச்சு. அந்த நேரத்துல நாசில் மேல எவ்வளவு தள்ளு வந்திருக்கும்னு அப்புறம் சார் கணக்கு போட்டுக் காட்டுனாரு: பெல்லோஸ் மடிப்போட சராசரி டயா 18 சென்டிமீட்டர், பரப்பு 254 சதுர சென்டிமீட்டர், 3 கிலோ ப்ரஷர்னா 760 கிலோ. கட்டி வெக்காத பெல்லோஸ் ஒரு ஜாக்கி மாதிரிங்க, பைப்பை ஒரு பக்கமும் டேங்கை ஒரு பக்கமும் தள்ளும். நாசில் லோடைக் கொறைக்கறதுக்கு வாங்கின சாமான் புதுசா முக்கா டன் லோடைக் கொண்டாந்து வெச்சுருக்குது.

இந்த நெலமைலதான் திருப்பூர்ல ஒரு சாயப்பட்டறைல வேலை பாக்கற என்ற மச்சான் இந்த ஆபீஸைச் சொன்னான். போன் பண்ணேன். முதல் கேள்வியே எனக்கு ஆச்சரியம். வெல்டர் யாரு, எந்த ராடுல வெல்டு பண்ணுனீங்கன்னு எல்லாம் கேக்கல. "டேங்குக்கு தண்ணி ரொப்பி டெஸ்ட் பண்ணுனதுக்கு முந்தி பைப்பை மாட்டுனீங்களா, பிந்தி மாட்டுனீங்களா தம்பி?" எனக்குத் தெரியல. மாமனைக் கேட்டேன், முந்திதான், ஒட்டுக்கா எல்லா வேலையும் முடிச்சுட்டு டெஸ்ட் பண்ணுனோம்னாரு. சார் போன்ல சிரிச்சாரு, சரி வர்றேன்னாரு. தண்ணி ரொப்பறப்போ டேங்க் மண்ணுல எறங்கும், முந்தியே மாட்டுன பைப்பு அதுல சிக்கிக்கும்னு அப்புறம்தான் எனக்குப் புரிஞ்சுது.

வந்தது ரெண்டு பேர். சாரு ரிஃபைனரி வேலைல இருந்து ரிடையர் ஆனவரு, அறுபத்தஞ்சு இருக்கும், கூட ஒரு பொண்ணு, சிவில் படிச்சு பைப்பிங்குக்கு வந்ததாம், கம்ப்யூட்டர் கணக்கெல்லாம் அந்தப் பொண்ணுதான். நான் என்னமோ லேசரு கேமரானு கொண்டாருவாங்கன்னு பாத்தா பைக்குள்ள இருந்து எடுத்தது டியூப் லெவல். கொத்தனாருங்க வெச்சிருக்கற அதே தண்ணி டியூப். டேங்கைச் சுத்தி எட்டு எடத்துல சாக்பீஸ்ல மார்க் பண்ணி ஒவ்வொரு எடமா உசரம் பாத்தாங்க. வெயிலு, நான் நெழல்ல நின்னுட்டேன், அந்தப் பொண்ணு தொப்பி கூடப் போடாம முழுசா சுத்தி முடிச்சுது.

டேங்க் கிழக்கால பக்கம் 6 மில்லி எறங்கிருக்குது, மேற்கால நாசில் இருக்கற பக்கம் 18 மில்லி.

"மேற்கால என்ன இருந்துச்சு முந்தி?"ன்னு சார் கேட்டாரு. மாமன் சித்தநேரம் பேசல. அப்புறம் சொன்னாரு, அங்க எங்க அப்பச்சி காலத்துக் கெணறு ஒண்ணு இருந்துச்சு, தண்ணி வத்திப் போச்சுன்னு மண்ணு கொட்டி மூடுனோம், டேங்க் பவுண்டேசன் ஓரம் அது மேல கொஞ்சம் வருதுன்னு. இத்தனை வருசம் எங்கிட்ட இதைச் சொன்னதே இல்லீங்க. மூணு தடவை வெல்டருக்குக் காசு குடுத்தப்பவும் சொல்லல. கெணத்தை மூடுனதுக்கும் நாசில் ஒழுகறதுக்கும் என்ன சம்பந்தம்னு அவருக்கும் தோணல, எனக்கும் கேக்கத் தோணிருக்காது.

சம்பந்தம் இதுதான். நாசில்ல இருந்து 60 சென்டிமீட்டர்ல ஒரு கான்கிரீட் பீடம், அது மேல பைப்பை யூ போல்ட் போட்டு இறுக்கி வெச்சிருக்குது. ஃபேப்ரிகேட்டரு நல்ல மனசோடதான் போட்டிருக்காரு, வால்வு வெயிட் எம்பது கிலோவுக்கு பக்கம், நாசில்ல தொங்கக் கூடாதுன்னு. ஆனா பீடம் தனி பவுண்டேசன்ல நிக்குது, அது எறங்கல. டேங்க் மட்டும் 18 மில்லி எறங்குது. அப்ப பைப்பு ஒரு நெம்புகோல் மாதிரி ஆயிருது, டேங்க் எறங்க எறங்க நாசிலை மேல புடிச்சுத் தூக்குது. சார் மண்ணுல குச்சில எழுதிக் காட்டுனாரு: பைப்போட விறைப்பு நீளத்தோட மூணு மடிக்கு தலைகீழா போகும், நீளம் ரெண்டு மடங்கானா விறைப்பு எட்டுல ஒரு பங்கு. 60 சென்டிமீட்டர்ல இருக்கற சப்போர்ட்டை 4 மீட்டருக்குத் தள்ளி வெச்சா கிட்டத்தட்ட 300-ல ஒரு பங்கு. 4 மீட்டர்ல 18 மில்லி எறங்குனா நாசில்ல 200 கிலோதான் வரும், தாங்கிக்கும். அதே 18 மில்லி 60 சென்டிமீட்டர்ல வந்தா பேப்பர் கணக்குல 58 டன்! அவ்வளவு வராது, அதுக்கு முந்தியே 6 மில்லி தகடு வளைஞ்சு குடுத்துரும். "வளைஞ்சுதான் இருக்குது, பாருங்க"ன்னு ஒரு ஸ்கேலை நாசிலுக்கு மேல தகடு மேல வெச்சுக் காட்டுனாரு. ஸ்கேலுக்குப் பின்னால வெளிச்சம் தெரியுது. நான் தினமும் அது பக்கத்துல நடந்து போறவன்.

கெட்டியா பேட் போட்டதால ஏன் நிக்கலங்கறதும் இப்பத்தான் புரிஞ்சுது. வளைச்சு விடற சக்தி அப்படியே இருக்குது, பேட் இருக்கற எடம் வளையாது, அதனால பேட் முடியற ஓரத்துல எல்லாம் சேந்து வளையும், அங்க வெல்டு ஓரம் இருக்குது, அங்க கிழியும். மூணு தடவையும் விரிசல் அதே ஓரத்துல வந்ததுக்கு காரணம் வெல்டர் கை இல்ல. அவரை நான் மனசுக்குள்ள திட்டுனதுக்கு மன்னிப்பு கேட்டுக்கறேன், எம்-சீலுக்கு மட்டும் மன்னிப்பு கெடையாது.

எனக்கு இந்த ஆபீஸ் மேல நம்பிக்கை வந்தது அடுத்து நடந்ததுலதான். நெட்ல படிச்சுட்டு நான் கொஞ்சம் மேதாவியா, ஏபிஐ 650-ல (எண்ணெய் டேங்குக்கு அமெரிக்க ஸ்டாண்டர்டு) அனெக்ஸ் P போட்டுப் பாக்கலாமா சார்னு கேட்டேன். டேங்க் நாசில்ல வெளிய இருந்து வர்ற லோடு எவ்வளவு தாங்கும்னு பாக்கறதுக்கு அதுலதான் முறை குடுத்திருக்காங்க. வேற ஆளா இருந்தா ஆமாங்கன்னு சொல்லி அதுக்கும் தனியா ஒரு பில்லு போட்டிருப்பாங்க. இவரு பக்கத்துல டீக்கடைல வாங்கி வெச்சிருந்த பால் பாக்கெட்டை எடுத்து டேபிள் மேல நிக்க வெச்சு மேல லேசா அமுக்குனாரு. பாரு, அடி டேபிள்ல ஒட்டி நிக்குது, நடுவு வெளிய தள்ளுது, அப்ப அடிக்குப் பக்கத்துல ஒரு குச்சி குத்தி வெச்சிருந்தா அது வெளிய தள்ளிக்கிட்டே மூக்கைக் கீழ சாய்க்கும். எண்ணெய் ரொப்புன டேங்க்ல கீழ இருக்கற நாசிலும் அதேதான் பண்ணும், அடித்தகடு புடிச்சு வெச்சிருக்கறதால அடில வீங்க முடியாது, மேல வீங்கும், நாசில் கீழ்நோக்கி திரும்பும். அந்த நேரத்துல கிட்டக்க ஒரு கெட்டி சப்போர்ட் இருந்தா அது நாசிலை மேல முட்டும். இருகூர், கரூர்ல பெட்ரோல் டெர்மினல் டேங்க் எல்லாம் பெருசு, அங்க இது பெரிய சங்கதி, 40 மீட்டர் டயா, 14 மீட்டர் உசரம், 20 மில்லி தகடுன்னு ஒரு டேங்க் வெச்சுக்க, 11, 12 மில்லி வெளிய வரும். அனெக்ஸ் P முதல்ல எழுதுனதே 36 மீட்டர் டயாவுக்கு மேல இருக்கற டேங்குக்கு. உங்க டேங்க்ல கணக்குப் போட்டா அரை மில்லி. அரை மில்லிக்கு எதுக்கு தம்பி காசு, உங்க வியாதி கெணறு, அதுக்கு மருந்து குடுக்கறேன்னாரு.

வேண்டாங்கற வேலையை வேண்டாம்னு சொன்னாரு பாருங்க, அதுக்கே நான் ஒரு ஸ்டார் எச்சா குடுப்பேன்.

ரெண்டாவது வியாதி சூடு. 38 மீட்டர் எம்.எஸ் (சாதா இரும்பு) பைப், 22-ல இருந்து 65-க்கு போறப்போ மீட்டருக்கு டிகிரிக்கு 12 மைக்ரான்னு கணக்கு வெச்சா 20 மில்லி நீளும். எஸ்.எஸ் (ஸ்டெயின்லெஸ்) பைப்பா இருந்திருந்தா 28 மில்லி. லோடிங் பக்கம் பம்பு பேஸ்ல புடிச்சு வெச்சிருக்குது, அங்க நகராது, அப்ப 20 மில்லியும் எங்க போகும், டேங்க் பக்கம்தான். தினம் வெடியால ஸ்டீம் விட்டதும் ஒரு தள்ளு, பொழுதோட ஆறுனதும் ஒரு இழுப்பு. ஏற்கனவே கெணத்தால வளைஞ்சு நிக்கற எடத்துல தினம் ஒரு தடவை இப்படி ஆட்டுனா கம்பியை முன்னும் பின்னும் ஒடிக்கற மாதிரிதான்.

இதெல்லாம் கணக்கு போட சீசர் டூங்கற சாப்ட்வேர்ல அந்தப் பொண்ணு லைன் முழுக்க வரைஞ்சு, டேங்க் எறக்கம், சூடு, எண்ணெய் வெயிட் எல்லாம் குடுத்து ஓட்டுச்சு. டேங்க் நாசிலைக் கெட்டியா புடிச்ச மாதிரி எடுக்காம தகடு எவ்வளவு வளைஞ்சு குடுக்கும்னு அந்த இளக்கத்தையும் குடுத்துப் பாக்கோணும், இல்லாட்டி கணக்கு பயமுறுத்தும், தேவையில்லாம பைப்பைச் சுத்தி வளைச்சு லூப்பெல்லாம் போடச் சொல்லும்னு அதுதான் எனக்கு விளக்குச்சு. வேற ஆளைப் புடிச்சாலும் இந்தக் கேள்வியைக் கேளுங்க, நாசிலை ஆங்கர்னு (அசையாத எடம்) எடுத்தீங்களா, இளக்கம் குடுத்தீங்களான்னு. முழிச்சாங்கன்னா கிளம்பிருங்க.

மருந்து என்னன்னா, முதல் வேலை அந்த 60 சென்டிமீட்டர் பீடத்தை வெட்டி எடுக்கறது. மாமன் மொகத்தைப் பாத்திருக்கோணும். "ஏனுங் சார், சப்போர்ட் இருக்கறப்பவே ஒழுகுது, இதையும் எடுத்துட்டா?"ன்னாரு. காசு குடுத்துக் கூட்டிட்டு வந்து இருக்கறதையும் வெட்டச் சொல்றாங்களேன்னு ராத்திரி எங்கிட்ட தனியா வேற பொலம்புனாரு. அந்த எடத்துல வால்வுக்கு அடில ஸ்ப்ரிங் சப்போர்ட். வெயிட்டைத் தாங்கும், ஆனா டேங்க் எறங்குனா கூடவே எறங்கும். வர்ற வருசங்கள்ல இன்னும் 10 மில்லி எறங்கும்னு வெச்சு, மில்லிக்கு 4 கிலோ ஸ்ப்ரிங், தாங்க வேண்டிய வெயிட் 160 கிலோ. 10 மில்லி எறங்குனா 40 கிலோ மாறும், நூத்துக்கு 25. அந்த 25-க்குள்ள இருக்கோணும்ங்கறது ஸ்ப்ரிங் சப்போர்ட்ல வழக்கமான கணக்காம். அடுத்த கெட்டி சப்போர்ட் 4 மீட்டர் தள்ளி. அப்புறம் லைன் நடுவுல ஒரு ஆங்கர், விரியறதை ரெண்டு பக்கமும் பிரிச்சு விடறதுக்கு. டேங்க் பக்கம் லைனை நேரா விடாம எல் மாதிரி ஒரு திருப்பம், மூணரை மீட்டர் கால், 10 மில்லியை அது வளைஞ்சு வாங்கிக்கும். பெல்லோஸ் கெடையாது, ஹோஸ் கெடையாது. பைப்பும் ரெண்டு எல்போவும் செய்யற வேலைக்கு ரப்பரை எதுக்கு நம்பறீங்கன்னாரு. எடமே இல்லாத எடத்துக்கு மட்டும் எஸ்.எஸ் பின்னல் போட்ட ஹோஸ் நல்லது, பின்னல் தள்ளைத் தாங்கிக்கும், ஆனா அதைப் பக்கவாட்டுலதான் ஆட விடோணும், நீளவாக்குல அமுக்கவும் கூடாது, முறுக்கவும் கூடாதுன்னு சொல்லி விட்டாரு.

வேலை நாள் அன்னிக்கு சார் நேர்ல வந்தது பெரிய விசயம், டிராயிங் மட்டும் அனுப்பிச்சுட்டு ஒளிஞ்சுக்கல. டேங்க் காலி பண்ணி, பைப் வடிச்சு, ஃப்ளாஞ்ச் போல்ட்டைக் கழட்டப் போனப்ப எங்க ஃபிட்டர் அண்ணன் நேரா ஸ்பேனரைப் போட்டாரு. சார் கத்துனாரு, நிறுத்துங்க, முதல்ல செயின் பிளாக் போட்டு பைப்பைப் புடிங்க, தலைக்கு நேரா யாரும் நிக்காதீங்கன்னு. எட்டு போல்ட்ல கடைசி ரெண்டு இருக்கறப்பவே ஃப்ளாஞ்ச் மொனகுச்சு. கடைசி போல்ட்டு கைல வரவே இல்ல, ஓட்டைல கடிச்சுக்கிச்சு, சுத்தியல்ல தட்டி எடுத்தாங்க. எடுத்ததும் பைப்பு டங்குனு ஒரு சத்தத்தோட 14 மில்லி மேல போயிருச்சு. அந்தப் பொண்ணு உடனே வெர்னியர் வெச்சு அளந்து எழுதிக்கிச்சு. கேஸ்கெட் மேல்பக்கம் பிதுங்கி கீழ்ப்பக்கம் புதுசாட்ட இருந்துச்சு. அதைப் பாத்த நிமிசத்துல மாமனுக்குப் பேச்சே வரல, பீடத்தை வெட்டறதுக்கு அவரே கட்டிங் மிசின் எடுத்துட்டு வரச் சொன்னாரு.

இப்ப யோசிச்சா ஒண்ணு நல்லா ஞாபகம் வருது, ரெண்டாவது தடவை வெல்டு பண்ணிட்டு பைப்பை மாட்டறப்போ ஓட்டைக்கு ஓட்டை சேரலன்னு செயின் பிளாக் போட்டு இழுத்து, க்ரோபார் விட்டு நெம்பி போல்ட் மாட்டுனாங்க. கெட்டிக்காரத்தனம்னு நானும் பாத்துட்டு நின்னேன். பைப்பிங் கோடு பி31.3-ல போல்ட் ஓட்டை விலகல் 3 மில்லிக்கு மேல இருக்கக் கூடாதுன்னு இருக்குதாம், நெம்பி மாட்டுன ஒவ்வொரு மில்லியும் நாசில் மேல நாம கையால ஏத்தி வெச்ச லோடு. இந்தத் தடவை பைப்பை வெட்டி, இப்ப டேங்க் இருக்கற மட்டத்துக்குப் புதுசா சேத்து, போல்ட்டைக் கையாலயே விட்டு மாட்டிக் காட்டோணும்னு சார் புடிவாதம். ஒரு நாள் எச்சா ஆச்சு. பரவால்ல. வளைஞ்ச தகடை ஒரு சதுரமா வெட்டி எடுத்துட்டு மூலையெல்லாம் உருட்டி புது தகடு, புது நாசில், புது பேட். டெல்டேல் ஹோல் திறந்தே இருக்குது. யாராச்சும் அடைச்சா கையை ஒடிப்பேன்னு வாட்ச்மேன் அண்ணன்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன்.

இனி கொறை. இல்லாம இல்ல.

ரிப்போர்ட் 46 பக்கம், முழுக்க இங்கிலீஷ், முக்காவாசி கம்ப்யூட்டர் கக்குன நம்பரு. எங்க ஃபிட்டருக்கு வேணுங்கறது ஒரே ஒரு பக்கம், எங்க என்ன சப்போர்ட், எவ்வளவு இடைவெளி, எந்த போல்ட்டை இறுக்கக் கூடாது, அவ்வளவுதான். கேட்டு வாங்குனேன், கையால எழுதி வாட்சப்ல போட்டாங்க, அந்த ஒரு பக்கம்தான் இன்னிக்கு வரைக்கும் ஷெட்டுல ஒட்டி இருக்குது, 46 பக்கம் பீரோல இருக்குது. ரெண்டு வாரத்துல தர்றேன்ன ரிப்போர்ட் நாலு வாரம் ஆச்சு, நடுவுல போன் எடுக்கல, நோம்பிக்கு ஊருக்குப் போயிட்டேன்னு சாவகாசமா பதில். ஸ்ப்ரிங் சப்போர்ட் ஆர்டர் குடுத்தா ஏழு வாரம் ஆகும்ங்கறதை முன்னாலயே சொல்லிருந்தா நான் டேங்கைக் காலி பண்ற தேதியை அதுக்குத் தகுந்த மாதிரி வெச்சிருப்பேன், கொப்பரை சீசன்ல ஒரு டேங்க் சும்மா நின்னா மில்லுக்காரனுக்கு வயிறு எரியும்.

இன்னொரு கொறை, இது பாதி எங்க மேலயும் இருக்குது. ஸ்ப்ரிங் சப்போர்ட் கம்பெனில இருந்து வர்றப்பவே ஒரு லாக் பின் போட்டு வரும், ஏத்தி எறக்கறப்போ ஸ்ப்ரிங் ஆடாம இருக்க. தண்ணி டெஸ்ட் முடிஞ்சதும் அந்த பின்னை எடுக்கோணும். நாங்க எடுக்கவே இல்ல. சிவப்பு பெயின்ட் அடிச்சு அழகா இருக்குது, பின்னுக்கு மேலயே வேற பெயின்ட் அடிச்சுட்டாங்க நம்ம ஆளுங்க. ஒன்றரை மாசம் கழிச்சு சார் சும்மா பாக்க வந்தப்போதான் கண்டுபுடிச்சாரு. பின்னோட இருந்தா அது ஸ்ப்ரிங் இல்ல, பழைய பீடமேதான், விலை மட்டும் எச்சு. திட்டிட்டு அவரே தட்டி எடுத்தாரு. கையால எழுதிக் குடுத்த அந்த ஒரு பக்கத்துல இதையும் ஒரு வரி எழுதிருக்கலாமில்ல?

காசு: சர்வீஸுக்கு 35 ஆயிரம், ஜிஎஸ்டி சேத்து 41,300. ரெண்டு விசிட் அதுக்குள்ள, மூணாவது விசிட்டுக்கு கார் வாடகை மட்டும் வாங்குனாங்க. லாக் பின் பாக்க வந்ததுக்கு ஒண்ணும் வாங்கல, மதியம் சாப்பாடு மட்டும். பைப், ஸ்ப்ரிங், வெல்டிங், கிரேன் எல்லாம் தனி, அது உங்க லைனைப் பொறுத்து மாறும், எழுதி பிரயோசனம் இல்ல. மூணு தடவை சும்மா வெல்டு பண்ணுனதுக்கும் டேங்க் காலி பண்ணுனதுக்கும் நாங்க செலவழிச்சது இதை விட ரெண்டு மடங்கு, அந்தக் கணக்கை மாமன்கிட்ட நான் எடுத்துக் காட்டல, அவரே போட்டுப் பாத்திருப்பாரு.

யாருக்கு இந்த சர்வீஸ் வேண்டாம்னும் சொல்லிர்றேன். வீட்டு மாடில வெக்கற பிளாஸ்டிக் டேங்க், ஆயிரம் ரெண்டாயிரம் லிட்டர் சமாச்சாரம், இதுக்கெல்லாம் ஒரு நல்ல பிளம்பர் போதும். சூடு இல்லாத லைன், தண்ணி டெஸ்ட் முடிஞ்சு டேங்க் எறங்கி நின்னதுக்கு அப்புறம் மாட்டுன லைன், நாசில்ல இருந்து ரெண்டு திருப்பம் திரும்பிப் போற லைன், இதுக்கும் அனேகமா தேவைப்படாது. நேரா குட்டையா விறைப்பா ஒரு பைப்பு டேங்க்ல போயி முட்டுது, அது கூட சூடும் ஆறும், இல்லாட்டி டேங்க் புது மண்ணு மேல நிக்குதுன்னா ஒழுகறதுக்கு முந்தியே கூப்புட்டுருங்க. ஐஎஸ் 803 (எண்ணெய் டேங்குக்கு இந்திய ஸ்டாண்டர்டு) பாத்து டேங்க் கட்டித் தர்றவங்க டேங்கோட முடிச்சுக்குவாங்க, பைப் போடறவங்க பைப்போட, பவுண்டேசன் போடறவங்க மண்ணோட. மூணும் சேர்ற எடம் அந்த நாசில், அதை யாரும் தன்னுதுன்னு பாக்கறதில்ல. இவங்க அதை மட்டும்தான் பாக்கறாங்க.

அஞ்சுக்கு நாலு குடுக்கறேன். அரை மார்க் லேட்டுக்கு, அரை மார்க் லாக் பின்னுக்கு.

வேலை முடிஞ்சு ஒம்பது மாசம் ஆச்சு. நாசிலுக்கு அடில ரெண்டு வருசமா ஒரு எண்ணெய் டின்னு வெச்சிருந்தோம், சொட்டறதைப் புடிக்க, இப்ப அது காய்ஞ்சு கெடக்குது, டியூப் லெவல் மட்டும் மூணு மாசத்துக்கு ஒரு தடவை நானே புடிச்சுப் பாக்கறேன், மேற்கால இன்னும் 2 மில்லி எறங்கிருக்குது, ஸ்ப்ரிங் ஸ்கேல்ல முள்ளும் அதே 2 மில்லி காட்டுது. போன வாரம் ரெண்டாவது டேங்குக்கும் டியூப் புடிச்சேன், மேற்கால 11. ஏன் மாமா, அந்தக் கெணறு எவ்வளவு அகலம்னு கேட்டேன். "அது ஒண்ணு இல்ல மாப்ள, ரெண்டு"ன்னாரு. சாருக்கு போன் போட்டாச்சு, பொங்கல் கழிச்சு வர்றேன்னிருக்காரு.